இரண்டேகால் மீட்டர்

மார்ச் 3

வேண்டாம், எலி. அந்த ஆரஞ்சுச் சுடிதார் வேண்டவே வேண்டாம். நிறத்தைச் சொல்லவில்லை. இங்கே பெண்கள் கிளிப்பச்சைகூடப் போடுகிறார்கள். அது உன்னை மூட்டை கட்டின மாதிரி இறுக்குகிறது, அதைத்தான் சொல்கிறேன்.

நான் சௌக்கியமாக இருக்கிறேன். அம்மாவின் முழங்கால் எப்படி? நூலகத்துத் தூசியில் உனக்கு வந்த இருமல் நின்றதா?

நாலு வருஷத்துக்குப் பிறகு உன்னைப் பார்க்கப் போகிறேன் என்பதை இன்னும் நம்ப முடியவில்லை. பழைய தாள்களைப் பழுது பார்க்கக் கற்றுத்தர எத்தனையோ ஊர் இருக்க, உன்னைப் பத்து நாளைக்கு என் ஊருக்கே அனுப்புகிறார்கள். செப்டம்பரில் வெயிலும் இறங்கியிருக்கும்.

இது முஸ்லிம்கள் அதிகம் வாழும் நாடு. அம்மா பயப்படுகிற மாதிரி யாரும் கம்போடு நிற்பதில்லை. நான் தலையை மூடுவதில்லை, ஒருவரும் கேட்டதில்லை. கழுத்தும் கையும் மூடி, உடம்போடு ஒட்டாமல் உடுத்தினால் யார் வீட்டுக்கும் தயங்காமல் நுழையலாம். விருந்தாளி காட்டும் மரியாதை, அவ்வளவுதான்.

எதைத் தைத்தாலும் மூன்று சோதனை செய். ஒன்று: துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பின்னால் விரலை வை. விரல் தெரிந்தால் லைனிங் கொடுக்க வேண்டும். இரண்டு: மேல்தட்டில் புத்தகம் எடுக்கிற மாதிரி இரண்டு கையையும் தூக்கு. இடுப்பு தெரியக் கூடாது. மூன்று: கீழ்த்தட்டில் எடுக்கிற மாதிரி குனி. கழுத்து திறக்கக் கூடாது.

வந்த புதிதில் நான் அறைக்குள் இதைச் செய்துகொண்டிருந்தேன். என் அறைத்தோழி, எனக்கு மேலே உள்ள கட்டிலில் படுப்பதால் நான் 'மேல்கட்டில்' என்றே கூப்பிடுகிறவள், உடற்பயிற்சி என்று நினைத்துத் தானும் இறங்கி வந்து கையைத் தூக்கினாள்.

அம்மாவை மாடிப்படி ஏற விடாதே.

அன்புடன்
அக்கா

மார்ச் 21

அன்புள்ள அக்கா,

இருமல் போய்விட்டது. அம்மாவின் முழங்கால் போகவில்லை, ஆனால் அவளும் மாடிப்படியை விடவில்லை. நீ எப்படி இருக்கிறாய்? சலவைக்கூடத்தில் இப்போதும் ஒரு நாளைக்கு எண்ணூறு படுக்கை விரிப்பா? ஒரு ஆஸ்பத்திரிக்கு இத்தனை படுக்கையா என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

உன் மூன்று சோதனையையும் டெய்லர் கடையிலேயே செய்து காட்டினேன். அளவு எழுதியவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். "ஏம்மா, இது உங்க ஒருத்தருக்குத்தானே? உள்ள இன்னொரு ஆளும் வரலாம் போலிருக்கே." வீட்டுக்கு வந்தால் அம்மா. "அவளே தலைய மூடலையாம். நீ எதுக்குடி கூடாரம் தைக்கிற?"

அடுத்தது உனக்குப் பிடிக்காத விஷயம். உன்னைப் பெண் கேட்டு வந்த ஓவர்சியர் இன்னும் காத்திருக்கிறார். அவருடைய அம்மாவுக்குப் புது போட்டோ வேண்டுமாம். நாலு வருஷப் பழசைக் காட்டினால், "இது ஸ்கூல் பொண்ணு மாதிரி இருக்கே" என்கிறார். சீக்கிரம் எடுத்து அனுப்பு. தெருமுனைக் கடைக்கு நீ போன் செய்யலாம்தான். ஆனால் அம்மா ரிசீவரைப் பிடுங்கி அழுவாள், நமக்கு ஒரு வார்த்தை மிஞ்சாது. கடிதமே மேல்.

செருப்பு எப்படிப்பட்டது? தலைக்குத் துணி வேண்டுமா, வேண்டாமா?

உன்
எலி

ஏப்ரல் 10

அன்புள்ள எலி,

இங்கே ஒரு குறையும் இல்லை. இரண்டு கிலோ கூடியிருக்கிறேன், அம்மாவிடம் சொல், சந்தோஷப்படுவாள். நீங்கள் இருவரும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

செருப்பு சட்டென்று கழற்றுகிற மாதிரி இருக்கட்டும். மசூதிக்குள் கழற்ற வேண்டும். வாசலில் வார் அவிழ்த்துக்கொண்டு நின்றால் பின்னால் வரிசை சேர்ந்துவிடும். தலைக்கு ஒரு துணி பையில் கிடக்கட்டும். மசூதிக்குள்ளும் பழைய கடைவீதியிலும் போட்டுக்கொள்ளலாம். மற்ற இடத்தில் உன் இஷ்டம்.

மே முதல் வாரம் போட்டோ எடுக்கிறேன். ஓவர்சியர் பயந்து ஓடாமல் இருக்க வேண்டுமே. லீவும் எழுதிக் கொடுத்துவிட்டேன். செப்டம்பர் 24ஆம் தேதி நீ திரும்பும்போது நானும் உன்னோடு வருகிறேன். நிஜம். அம்மாவிடம் நீயே சொல்.

இறங்கியதும் வருகை வாசலைப் பார். சந்தையில் ஒரு மஞ்சள் சட்டை வாங்கியிருக்கிறேன். மஞ்சள் என்றால் அப்படி ஒரு மஞ்சள். கண் கூசும். அதைப் போட்டுக்கொண்டு நிற்பேன், விமானத்திலிருந்தே தெரியும்.

அன்புடன்
அக்கா

மே 28

அன்புள்ள அக்கா,

கடிதம் இல்லை. போட்டோவும் இல்லை. சுகமாகத்தான் இருப்பாய் என்று அம்மாவுக்குச் சொல்கிறேன். எனக்கு யார் சொல்வது?

அம்மா தினமும் வாசலில் தபால்காரரை மறிக்கிறாள். அவர் நேற்று நம் தெருவையே தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போனார். நீ வருகிறாய் என்று சொன்னதிலிருந்து உன் அலமாரியைக் காலி செய்து, துடைத்து, மறுபடி துடைக்கிறாள். முழங்கால் ஞாபகமே இல்லை.

என் இரண்டு செட்டும் தைத்து வந்துவிட்டன. மேல்சட்டை முழங்கால் வரை, முழுக்கை, கழுத்து மூடிய காலர். கண்ணாடியில் பார்த்தால் யாரோ பொறுப்பான பெண் மாதிரி இருக்கிறது.

ஒரு வரி போடு.

எலி

ஜூன் 18

அன்புள்ள எலி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா எப்படி இருக்கிறாள்? நீ எப்படி இருக்கிறாய்? தபால்காரர் பாவம்.

வேலை அதிகம். அதனால்தான் எழுதவில்லை. கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே, பேனா சரியில்லை.

துணி விஷயத்தில் சிலதை மாற்றிக்கொள். நைலான் கலந்தது எதுவும் வேண்டாம். எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். ஓரத்திலிருந்து ஒரு நூலைப் பிரித்துத் தீக்குச்சியில் காட்டு. சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி. உருகி உருண்டையானால் அந்தத் துணியை யாருக்கும் கொடுக்காதே, எறிந்துவிடு.

காலரின் தையல் உள்பக்கம் இருந்தால் கழுத்தில் உரசும். வெளிப்பக்கம் வைக்கச் சொல். டெய்லர் சிரிப்பார். சிரிக்கட்டும்.

நானும் இப்போது தலையை மூடிக்கொள்கிறேன். பழகிவிட்டது. மேல்கட்டில் தன்னுடையதில் மூன்றை எனக்குக் கொடுத்திருக்கிறாள்.

போட்டோ இதோடு வைத்திருக்கிறேன். ஜன்னல் பக்கம் பார்த்தபடி எடுத்தது. ஸ்டுடியோக்காரர் இதுவே நன்றாக இருக்கிறது என்றார்.

வீட்டுக்கு வருவதைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல முடியாது. அலமாரியை அம்மா அதிகம் துடைக்க வேண்டாம்.

அக்கா

ஜூலை 8

அக்கா,

நாங்கள் சௌக்கியம். நீ எப்படி என்று எழுதவே இல்லை. எத்தனை கடிதம் போட்டிருக்கிறாய், ஒன்றிலாவது அதை விட்டிருக்கிறாயா? அம்மா அதைக் கவனிக்கவில்லை. போட்டோவைத்தான் கவனித்தாள்.

பத்து நிமிஷம் கையில் வைத்திருந்தாள். பிறகு கேட்டாள். "யாருக்காக மூடிக்கிட்டிருக்கா?"

சித்தப்பா வாங்கிப் பார்த்தார். "அதான் பக்கவாட்டுல நிக்கிறா. நேரா மூஞ்சியக் காட்ட முடியல."

நான் சிரித்தேன். ராத்திரி சாப்பிடும்போது சிரிப்பு நின்றுவிட்டது. உன் கடிதங்களைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தேன், என் தொழில் அது. மார்ச்சில், 'நான் தலையை மூடுவதில்லை.' ஏப்ரலில், 'நானும் உன்னோடு வருகிறேன், நிஜம்.' ஜூனில், 'பழகிவிட்டது, வருவதைப் பற்றிச் சொல்ல முடியாது.' நடுவில் யார் வந்தார்? கல்யாணம் ஆகிவிட்டதா? மதம் மாறிவிட்டாயா? ஆகியிருந்தால் ஆகட்டும், என்னிடம் சொல்லியிருக்கலாம் இல்லையா? நான் கேட்டது காலர் தையலையா?

மறைக்க ஒன்று இருக்கிறவர்கள்தான் மூடிக்கொள்வார்கள்.

அந்தத் துணியோடு வீட்டு வாசலில் வந்து நிற்க வேண்டாம் என்று அம்மா சொல்கிறாள். நான் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு முகத்தைக் காட்டத் தைரியம் இருந்தால் விமான நிலையத்துக்கு வா.

தங்கை

ஆகஸ்ட் 12

அன்புள்ள அக்கா,

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அம்மாவின் முழங்கால் அப்படியே இருக்கிறது. எனக்கு இருமல் திரும்பிவிட்டது. உன் உடம்பு எப்படி?

செப்டம்பர் 13, மாலை நாலேகால். அதுதான் நான் இறங்கும் நேரம். ஓவர்சியருக்கு வேறு இடத்தில் முடிந்துவிட்டது. அம்மா அழவில்லை, அலமாரியில் பழைய போர்வைகளை வைத்துவிட்டாள்.

காலரைப் பிரித்துத் தையலை வெளிப்பக்கம் வைத்துத் தரச் சொன்னேன். டெய்லர் சிரித்தார்.

போன கடிதத்தின் கடைசி வரிகளை நீ படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாமா?

தலைக்கு எவ்வளவு நீளத் துணி வேண்டும் என்று நீ சொல்லவே இல்லை.

எலி

ஆகஸ்ட் 25

அன்புள்ள எலி,

இரண்டேகால் மீட்டர்.

அதற்குக் குறைந்தால் குனியும்போது நழுவும். கூடினால் கழுத்தில் கனக்கும். அகலம் முக்கால் மீட்டர் போதும். சாம்பல் நிறத்தில் எடு. தூசி தெரியாது, எதோடும் சேரும். புதுத்துணி வழுக்கும், இரண்டு தரம் துவைத்துவிட்டுக் கொண்டு வா. பட்டு வேண்டாம். உள்ளே ஒரு பருத்திப் பட்டியைக் கட்டிக்கொண்டால் நாள் முழுக்க நிற்கும். தாடைக்குக் கீழே ஊக்கு. குத்தும்போது உன் விரலை உள்பக்கம் கொடுத்துக்கொள், தோலில் ஏறாது. ஒரு நுனியைச் சின்னதாக விட்டு, மற்றதைத் தோளைச் சுற்றிக் கொண்டு வா. விமானத்தில் ஊக்கு குத்துமோ என்று பயந்தால் அதைக் கழற்றிவிட்டு முடிச்சுப் போடு. மறுபடி நீ குத்துகிற வரை அதுவே தாங்கும்.

நீ கேட்டதற்கு, இல்லை. யாரும் வரவில்லை. யாராவது வந்திருந்தாலும் அது அசிங்கமில்லை, எலி. மேல்கட்டில் தினமும் ஐந்து வேளை தொழுகிறாள். இப்போதெல்லாம் என் பெயரையும் சேர்த்துச் சொல்கிறாள். அவள் தலையை மூடுவது மறைக்க ஒன்று இருப்பதால் அல்ல.

அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதே. இருமலுக்கு வெந்நீர் குடி.

வருகை வாசலில் இருப்பேன்.

அக்கா

செப்டம்பர் 15

அக்கா,

நீ வரவில்லை.

இதை உன் சலவைக்கூட வாசலில் மேல்கட்டிலிடம் கொடுத்துவிட்டு வரப் போகிறேன். பயிற்சி விடுதியிலிருந்து எழுதுகிறேன். நானும் நீயும் ஒரே ஊரில் இருக்கிறோம், கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன் பார்.

நாலேகாலுக்கு இறங்கினேன். நீ சொன்ன எதையும் விடவில்லை. பருத்தி. முழுக்கை. தையல் வெளியே. சாம்பல் நிறம், இரண்டு தரம் துவைத்தது. கழிப்பறைக் கண்ணாடியில் பார்த்து, விரலை உள்ளே கொடுத்து ஊக்கைக் குத்திக்கொண்டு வெளியே வந்தேன். ஒன்றரை மணி நேரம் நின்றேன். மஞ்சளாகத் தெரிந்த எல்லாவற்றையும் பார்த்தேன். ஒரு மஞ்சள் பெட்டிக்குப் பின்னால் கொஞ்ச தூரம் நடந்தே போய்விட்டேன்.

எதிரே தூண் பக்கத்தில் ஒரு பெண். கண் மட்டும் தெரிய முழுக்க மூடியிருந்தாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் தரம் கண்டுகொள்ளவில்லை. அப்புறமும் பார்த்தாள். உன்மேல் வந்த ஆத்திரம் எல்லாம் அவள்மேல் திரும்பியது. "என்ன வேணும்? என்ன பாக்கறீங்க?" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். அவளுக்குப் புரிந்திருக்காது. தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள். பாவமாக இருந்தது, யாருக்காகக் காத்திருந்தாளோ.

நேற்று சலவைக்கூடத்துக்கு வந்தேன். உன் பெயரைச் சொன்னதும் காவலாளி கையை விரித்தார். ஒரு பெண் இறங்கி வந்தாள், மேல்கட்டிலாகத்தான் இருக்க வேண்டும். அவள் பாஷை எனக்குத் தெரியாது, என்னுடையது அவளுக்குத் தெரியாது. என் காலரைத் தொட்டு, தையல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தாள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டாள். ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

24 வரை இருப்பேன். மாலை ஆறு மணிக்கு விமானம். அம்மா உனக்காக ஒரு போர்வை கொடுத்தனுப்பியிருக்கிறாள். அலமாரியில் வைத்தாளே, அதில் ஒன்று. கொடு என்று மட்டும்தான் சொன்னாள்.

வா, அக்கா. எப்படி வேண்டுமானாலும் வா.

எலி

செப்டம்பர் 21

அன்புள்ள எலி,

நான் வந்தேன்.

மூன்று மணிக்கே வந்துவிட்டேன். தூண் பக்கத்தில் நின்றேன். நீ கதவைத் தாண்டும்போதே தெரிந்துவிட்டது. முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. தலையிலிருந்து கால் வரை நான் எழுதி அனுப்பியதுதானே நடந்து வந்தது. ஊக்கு கொஞ்சம் இடப்பக்கம் இருந்தது. மற்றதெல்லாம் சரி.

உன் உடுப்பைப் பற்றி ஆறு மாதம் எழுதினோம். நான் என்ன உடுத்தியிருப்பேன் என்று நீ கேட்கவில்லை. ஏப்ரலில் எழுதினது மாறிவிட்டது என்று நானும் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பாய்.

மஞ்சள் சட்டை இல்லை, எலி. மே 2ஆம் தேதி நான் நின்ற இடத்துக்கு மேலே நீராவிக் குழாய் பிளந்துகொண்டது. அதைத்தான் போட்டிருந்தேன். உனக்கு அத்தனை சோதனை சொன்னவள், நிறத்துக்கு மயங்கித் துணியைப் பார்க்காமல் வாங்கியிருக்கிறேன். நைலான். தோலோடு ஒட்டிக்கொண்டது. வலது கன்னம், காது, கழுத்து, வலது கையில் இரண்டு விரல். அது வேலைக்குப் போடுகிற சட்டையே இல்லை. ஷிப்ட் முடிந்து ஸ்டுடியோவுக்குப் போகலாம் என்று போட்டுக்கொண்டு போனேன். இந்த ஒரு வரியை எழுத வேண்டாம் என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன். உன்மேல் குற்றமில்லை. மறுபடி படி. உன்மேல் குற்றமில்லை.

ஆறு வாரம் என்னைக் குளிப்பாட்டி, கட்டு மாற்றி, சோறு ஊட்டியவள் மேல்கட்டில். முகத்திரையும் அவள் கட்டிவிட்டதுதான். தலையோடு கழுத்தும் முகமும் மூடிப் போகலாம், இந்த ஊரில் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். எனக்கு அது போதும். நம் தெருவில் இறங்கினால் வாசல்தோறும் கேட்பார்கள். அம்மா கேட்காமல் பார்ப்பாள். அதுதான் என்னால் முடியாது.

முகத்தைக் காட்டத் தைரியம் இருந்தால் வா என்று எழுதியிருந்தாய். இருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் வந்தேன். உன் கண் என்மேல் ஒரு தரம் வந்து போயிற்று. இரண்டாம் தரம் வந்தபோது திரையை விலக்கக் கை வைத்துவிட்டேன். அப்போதுதான் நீ கத்தினாய். உன் குரலை நாலு வருஷம் கழித்துக் கேட்டேன். நன்றாக இருந்தது. இருமல் இன்னும் இருக்கிறது.

வேலையை வேறு ஊர் ஆஸ்பத்திரிக்கு மாற்றிக்கொண்டேன். மேல்கட்டிலைக் கேட்காதே, அவளைப் பொய் சொல்ல வைக்காதே. போர்வையை அவளிடம் கொடு, என்னிடம் வந்துவிடும்.

24ஆம் தேதி புறப்பாட்டுக் கூடத்தில் ஒரு ஓரத்தில் இருப்பேன். தேடாதே. அங்கே என்னைப் போல முப்பது பேர் நிற்பார்கள். உன்னை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போகிறேன்.

அம்மாவிடம் எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று சொல். அவள் அதைத் தாங்கிக்கொள்வாள்.

நான் நன்றாக இருக்கிறேன்.

அக்கா

கடிதம் 23ஆம் தேதி மாலை விடுதிக்கு வந்து சேர்ந்தது. மறுநாள் காலை எலி சலவைக்கூடத்துக்குப் போய், போர்வையை மேல்கட்டிலிடம் கொடுத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. மூன்று மணிக்கு விமான நிலையத்துக்குப் போனாள். அதே சாம்பல் துணி, ஊக்கு இந்தத் தரம் நடுவில். புறப்பாட்டுக் கூடத்தில் கடிகாரத்துக்குக் கீழே, கூட்டத்தைப் பார்த்தபடி நின்றாள். யாரையும் தேடவில்லை. தலைத்துணியின் நீண்ட நுனியைக் கண்ணாடிச் சுவரின் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, பின்னால் விரலை வைத்தாள். இரண்டு கையையும் மேலே தூக்கினாள். குனிந்தாள். சிலர் திரும்பிப் பார்த்தார்கள். நிமிர்ந்து, முதலிலிருந்து இன்னொரு முறை செய்தாள். அழைப்பு வந்ததும் பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.